இறந்தவர்களை ஏன் தக்கவைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள்

ஆராய்ச்சி நிதிக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். எங்கள் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரே மையத்தில் 23 பேரை வைத்துச் செய்த முன்னோட்ட ஆய்வு போதாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலும் 9 பேர் பாதியில் விடுபட்டிருக்கிறார்களாம். ‘அவர்களைத் தக்கவைக்க எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அந்த 9 பேரும் இறந்துவிட்டார்கள் ஐயா. நாங்கள் பார்ப்பது நோய் ஆதரவு சிகிச்சை: குணமாக்க முடியாத நோயாளிகளின் வேதனையைக் குறைக்கும் வேலை.

23 பேர் போதாது என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தானே போன வருடமே, தென்மாவட்டங்களிலும் கேரளத்திலும் புதுச்சேரியிலும் உள்ள மையங்களைச் சேர்த்து ஒரு கூட்டு ஆய்வு வலையமைப்பு தொடங்க உதவி கேட்டோம்? ‘வலையமைப்பு ஆராய்ச்சி ஆகாது, குறிப்பிட்ட ஆய்வுடன் வரவும்’ என்று பதில் வந்தது. ஆய்வோடு வந்தால் ஆள் போதாது. ஆள் சேர்க்க வழி கேட்டால் அது ஆய்வில்லை. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

நாங்கள் எடுத்துக்கொண்டது பெரிய கேள்வி ஒன்றுமில்லை. புண்ணின் நாற்றம். கன்னத்தில் புற்று உடைந்த ஓர் ஆச்சியின் வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போதே சாம்பிராணி மூக்கில் ஏறும். அதற்கு அடியில் இன்னொரு வாடை இருக்கும். ஆச்சியின் கட்டில் தொழுவத்தை ஒட்டிய தாழ்வாரத்துக்குப் போயிருந்தது. அவரே கேட்டுப் போனாராம். பேரன் தட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு ஓடுவான். வலிக்கு மார்ஃபின் கொடுத்திருந்தோம். “வலி கெடக்கு தாயி, இந்த வாடைய மட்டும் போக்கி விட்ரு” என்றார். புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரைகளை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்துப் பொடித்துத் தூவினேன். களிம்பாகவும் கிடைக்கிறது, அந்த வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. சில நாளில் வாடை அடங்கியது. அடுத்த வாரம் போனபோது பேரன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

எத்தனை மாத்திரை, நாளைக்கு எத்தனை தடவை? நான் இரண்டு தூவுகிறேன். ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம், மலை தாண்டிக் கேரளத்தில் வேலை பார்க்கும் என் சிநேகிதி நான்கு தூவுகிறாள். நாகர்கோவில் பக்கம் ஒருவர், வாய்வழியாகக் கொடுத்தாலே போதும் என்கிறார். யார் செய்வது சரி என்று மூவருக்கும் தெரியாது. எல்லோரும் ஒரே மாதிரித் தாளில் குறித்துவைத்தால் தெரிந்துவிடும். எங்கள் நோயாளிகளுக்கு மலை ஒரு தடையே இல்லை. திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்தில் வைத்தியம் பார்த்துவிட்டு, கடைசி நாட்களுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுகிறார்கள். அவர்களைப் பற்றிய குறிப்புகள்தான் எல்லையில் நின்றுவிடுகின்றன.

ஆஸ்திரேலியாவில் 11 மையங்கள் சேர்ந்து, இறுதிக்கால நோயாளிகளுக்கு வரும் மனக்குழப்பத்துக்குப் பழக்கத்தில் கொடுத்துவந்த ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் இரண்டையும் சோதித்தார்கள். 247 பேரைச் சேர்க்க 2008 முதல் 2014 வரை ஆயிற்று. 2017இல் முடிவு வந்தது: மருந்து பெற்றவர்களைவிட, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மருந்து பெற்றவர்களே நன்றாக இருந்தார்கள். ஒரே மையம் இறங்கியிருந்தால் இன்னும் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும். அதன் விண்ணப்பமும் உங்கள் மேசைக்கு வந்தால் திரும்பித்தான் போயிருக்கும்.

கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய ஆதரவு சிகிச்சை வேலையைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். இங்கே 2021இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் வந்தபிறகு வாசல் வாசலாகப் போகிறோம். இத்தனை வீடு ஏறி இறங்கியும், ஒரு புண்ணை எப்படிக் கட்டுவது என்று குளிர்நாட்டுப் புத்தகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் புத்தகத்தில் தொழுவம் இல்லை. தலைப்பில் ‘செயற்கை நுண்ணறிவு’ என்று இருந்தால் பணம் சீக்கிரம் வரும் என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். சாம்பிராணிப் புகையை வைத்து நோயின் நிலையைக் கண்டுபிடிக்கும் செயலி என்று எழுதியிருக்கலாம், எங்களுக்குத்தான் தோன்றவில்லை.

சரி, எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். பணிவாகவே திரும்பக் கேட்கிறேன்: கூட்டு ஆய்வு வலையமைப்புக்கு வழி செய்து கொடுங்கள். மூன்று வருடத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர், மையத்துக்கு ஒரு செவிலியின் அரைநாள் சம்பளம், தமிழிலும் மலையாளத்திலும் பொதுவான ஒரு குறிப்புத்தாள், இவ்வளவுதான் கேட்கிறோம். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்காக ஒவ்வொரு வாசலிலும் தனித்தனியாக நிற்க வைக்காதீர்கள். கூட்டாகப் பரிசீலிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளே இடம் கொடுக்கின்றன.

அப்புறம், ஒரு சின்ன உதவி. உங்கள் படிவத்தில் ‘விடுபட்டவர்கள்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘இறந்தவர்கள்’ என்று இன்னொரு கட்டம் போட்டுக் கொடுங்கள். அந்த 9 பேரில் ஆச்சியும் ஒருவர். அடுத்த விண்ணப்பத்தில் அவரை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
வீட்டுப் பராமரிப்புச் செவிலி ஒருத்தி,
தென்காசி மாவட்டம்