நாங்களும் பயந்தோம், ஐயா

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் பழைய பேய்ப்படங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். “போரைக் கண்ட யாழ்ப்பாணத்தவரைப் பேய்ப்படமா பயமுறுத்தியிருக்கும்?” என்று அதில் ஒரு வரி. எழுதியவர் அந்தக் காலத்தில் பிறந்தே இருக்க மாட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் பார்த்துத்தானே அச்சுக்கு விட்டீர்கள்? எங்கள் வளவுகளில் அன்ரனா எவ்வளவு உயரத்துக்கு நின்றது என்பது உங்களுக்குத் தெரியாததா?

இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கிவிட்டது. ஆனாலும் நாங்கள் ஏங்கியது தமிழ்ப் படத்துக்காக, இந்தியாவின் தூர்தர்ஷனுக்காக. தமிழ்நாட்டுக் கொடைக்கானல் மலையிலிருந்து அதன் ஒளிபரப்பு வந்த பிறகு பெரியப்பா அன்ரனாவுக்காக மூன்று குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி வேப்பமரத்தோடு கம்பியால் இழுத்துக் கட்டினார். படம் இருக்கும் நாளில் அயலட்டை முழுவதும் பாயோடு வந்துவிடும். அவர் வெளியே குழாயைத் திருப்ப, யன்னலடியில் நின்று நான் கத்துவேன்: “இன்னும் கொஞ்சம் மேற்கே... ஐயோ, போய்விட்டது... அப்படியே பிடியுங்கள், பெரியப்பா!”

காற்றில்லாத புழுக்கமான மாலைகளில் படம் கடல் தாண்டிப் பளிங்குபோல் வரும். சோளகக் காற்று எழுந்தால் குழாய் ஆடும், திரையில் புள்ளி கொட்டும். சில நாட்களில் ஒவ்வொருவர் பக்கத்திலும் சாம்பல் நிறத்தில் இன்னோர் உருவம் ஒட்டிக்கொண்டு நிற்கும். பேய்ப்படத்தில் அது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பேய் வருவதற்கு முன்பே கதாநாயகியின் தோளருகே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு படத்தில் வெள்ளைச் சேலைக்காரி மாடிப்படியில் நின்று திரும்புகிறாள். அந்தக் கணத்தில் திரை முழுவதும் புள்ளி. சலங்கைச் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. அம்மம்மா எழுந்து எல்லோர் நெற்றியிலும் திருநீறு பூசினார். முகத்தை ஒருவரும் காணவில்லை. மறுநாள் கிணற்றடியில், அவளுக்குக் கண்ணே இல்லை என்றாள் அக்கா. பல் வெளியே நின்றது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சத்தியம் செய்தாள். வீடியோ கசெற் என்றால் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கலாம். ஒளிபரப்பில் போனது போனதுதான். அந்த முகம் இன்னும் எனக்கு நித்திரையில் வருகிறது.

அன்றிரவு ஒழுங்கையால் நடக்கப் பயந்து எட்டுப் பேர் எங்கள் விறாந்தையிலேயே படுத்தார்கள். ஹெலிகொப்ரர் சத்தத்துக்குப் பதுங்குகுழிக்குள் ஓடிய அதே பிள்ளைகள். அந்தப் பயம் எங்களைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. இந்தப் பயத்துக்கு நாங்களே பாய் விரித்து உட்கார்ந்தோம். படம் முடிந்தால் அதுவும் முடிந்துவிடும் என்று எங்களுக்குத் தெரியும்.

1990இல் மறுபடி போர் மூண்டு மின்சாரம் நின்றது. குழாய் வெறுமனே நின்றது. 1995 ஒக்ரோபரில் இடம்பெயர்ந்து, மறு வருடம் திரும்பியபோது குழாயும் இல்லை, வேம்பும் இல்லை.

இதையெல்லாம் நான்கு வருடங்களுக்கு முன்பும் உங்களுக்கு எழுதினேன். மூன்று வரி போட்டீர்கள், ஊர்ப் பெயரையும் பிழையாக. உங்கள் சினிமாப் பக்கத்தில் சென்னைச் செய்திக்கு எப்போதும் இடமிருக்கிறது. எங்கள் முற்றத்தில் நடந்தவற்றுக்கு இடமில்லை. போகட்டும்.

ஒன்றை மட்டும் செய்து தாருங்கள். சனிக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்த தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரலை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் இராசிபலனை நீட்டியிருக்கிறீர்கள். அக்காவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, கைத்தொலைபேசி பார்க்கத் தெரியாது. இரவுப் படத்தின் பெயரையும் நேரத்தையும் கொஞ்சம் பெரிய எழுத்தில் மறுபடி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கோண்டாவில். (இம்முறையாவது சரியாகப் போடுங்கள்.)