லினக்ஸில் கேம் ஓடுமா என்று கேட்ட வாசகருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், "விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராதாமே, என் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டால் கேம் விளையாட முடியுமா?" என்று கேட்டிருந்தார். "லினக்ஸ் ஆபீஸ் வேலைக்குத்தான் சரிப்படும், கேம் வேண்டுமென்றால் புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதே வழி" என்று இரண்டே வரியில் பதில் வந்திருந்தது. (லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போடும் இலவச இயங்குதளம்.) பத்து வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். இப்போது அந்தப் பதிலில் பாதி தப்பு. சரியான பாதியையும் விளக்கமாகச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஒருவர் ஐம்பதாயிரம், அறுபதாயிரம் செலவழிக்கப் போகிற விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல் நாகல் நகரில் 2003 முதல் 2011 வரை பிரவுசிங் சென்டர் நடத்தியவன். எட்டு சிஸ்டம். பகலில் ரிசல்ட் பார்க்கவும் பயோடேட்டா அடிக்கவும் வருவார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டால் எட்டிலும் கவுண்டர் ஸ்ட்ரைக் கேம்தான். முன்னால் ஓட அழுத்தும் டபிள்யூ பட்டனில் எழுத்தே அழிந்து போயிருக்கும். இப்போது அதே இடத்தில் ஜெராக்ஸ் கடை. வயது 47. கடையை அடைத்து, சாப்பிட்டு முடித்து, இரவு ஒரு மணி நேரம் கேம் விளையாடுவேன். "இந்த வயசுல இது என்ன" என்று கேட்பவர்கள் அதே நேரத்தில் சீரியல்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

என்னுடையது 2016-ல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு. விண்டோஸ் 11 போட இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவும் முடிந்தது. கூடுதலாக ஒரு வருடம் பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். நன்றாக ஓடுகிற வண்டியை இன்ஜின் நம்பர் பழசு என்று காயலான் கடைக்கு அனுப்பச் சொன்னால் எப்படி? லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போட்டேன்.

விண்டோஸுக்கு எழுதிய கேம் லினக்ஸில் எப்படி ஓடும் என்று வாசகருக்குச் சந்தேகம் வரும். கேம் தன் படத்தைத் திரையில் வரையச் சொல்லி விண்டோஸின் டைரக்ட்எக்ஸிடம் கேட்கிறது. லினக்ஸில் அது கிடையாது. வைன் என்ற மென்பொருள் 1993-லிருந்தே இந்த இடைவெளியை நிரப்பப் பாடுபட்டு வருகிறது. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் அதன்மேல் இன்னும் சில பகுதிகளைச் சேர்த்து 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்று வெளியிட்டது. டைரக்ட்எக்ஸில் கேட்பதை வல்கன் என்ற வேறொரு கிராஃபிக்ஸ் மொழிக்கு அந்த நொடியே மாற்றிக் கொடுக்கும். என் கடைக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வரும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் எனக்கும் நடுவில் பக்கத்து டீக்கடைப் பையன் நின்று பேசுவான். அதே வேலைதான், வேகம் மட்டும் அதிகம். 2022-ல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியே லினக்ஸில் ஓடுவதால் வால்வ் இதில் காசை இறக்கிக்கொண்டே இருக்கிறது. பலன் நமக்கும் வருகிறது.

முதல் நாள் படாத பாடு பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் டவுன்லோடு செய்த கேமெல்லாம் டி டிரைவில் இருந்தது. எதற்கு மறுபடி டவுன்லோடு, அதையே காட்டிவிடலாம் என்று ஸ்டீமுக்கு அந்த டிரைவைக் காட்டினேன். பிளே பட்டனை அழுத்தினால் 'ரன்னிங்' என்று காட்டும், இரண்டு நொடியில் மறுபடி 'பிளே' என்றே வந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டேன். கடைசியில் பார்த்தால் குற்றம் டி டிரைவில் இருந்த என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் ஃபார்மேட்டில். புரோட்டான் 'சி:' என்ற பெயரில் ஒரு இணைப்பை உருவாக்கும். ஃபைல் பெயரில் அந்த முக்காற்புள்ளியை விண்டோஸ் ஃபார்மேட் ஏற்காது. லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபார்மேட்டுக்கு மாற்றியதும் கேம் எழுந்து உட்கார்ந்தது. 'ரன்னிங்' வந்து மறைகிற கதை உங்களுக்கும் நடந்தால் முதலில் டிரைவின் ஃபார்மேட்டைப் பாருங்கள்.

அப்புறம் விட்சர் 3, எல்டன் ரிங் எல்லாம் ஓடின. எல்டன் ரிங் இந்தக் கார்டில் விண்டோஸிலேயே மூச்சு வாங்கும், இங்கேயும் வாங்குகிறது. யூரோ டிரக் சிமுலேட்டர் 2-க்குப் புரோட்டானே தேவையில்லை, நேரடி லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. குறை என்றால், சில கேம்களைத் திறக்கும்போது கிராஃபிக்ஸைத் தயார்செய்யும் 'வல்கன் ஷேடர்' என்று ஒரு பட்டை வந்து சாவகாசமாக ஓடும். அதற்குள் மோர் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலர் (கேம்பேட்) பற்றி யாருமே எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். என்னிடம் இருந்தது 900 ரூபாய்க்கு வாங்கிய பெயர் தெரியாத வயர்லெஸ் பேட். "லினக்ஸுக்கு சப்போர்ட் பண்ணாது சார்" என்று சொல்லித்தான் கொடுத்தார் கடைக்காரர். செருகினால் ஏதோ ஒரு யூஎஸ்பி கேம்பேட் என்றுதான் காட்டியது. பட்டன்களும் இடம் மாறிக் கிடந்தன. நடுவில் இருக்கும் ஹோம் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தேன். விளக்கு ஒன்றிலிருந்து இரண்டானது. கட்டளை அடிக்கும் டெர்மினலில், செருகிய யூஎஸ்பி கருவிகளைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை அடித்துப் பார்த்தால், 'மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர்' என்கிறது! மலிவான பேட்கள் பலவும் இப்படி எக்ஸ்பாக்ஸ் வேஷம் கட்டும். எக்ஸ்பாக்ஸ் பேடுக்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

நண்பர் கொடுத்த பிஎஸ்4 (சோனி பிளேஸ்டேஷன் 4) கன்ட்ரோலர் ப்ளூடூத்தில் இன்னும் சுலபமாகச் சேர்ந்தது. ஷேர் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் விளக்கு வேகமாகச் சிமிட்டும், அவ்வளவே. பிஎஸ்5 கன்ட்ரோலருக்கான டிரைவரையோ சோனியே எழுதிக் கொடுத்து 2021-ல் கெர்னலில் சேர்த்தார்கள். ஒரே தொல்லை, பிஎஸ்4 கன்ட்ரோலரின் நடுவில் உள்ள டச்பேடை லினக்ஸ் மவுஸாக எடுத்துக்கொள்கிறது. சண்டை உச்சத்தில் இருக்கும்போது கட்டைவிரல் பட்டு, திரையில் அம்புக்குறி எட்டிப் பார்க்கும்.

ஸ்டிக்கைத் தொடாமலே கதாபாத்திரம் தானாக நகர்ந்தால் அதற்கு 'டிரிஃப்ட்' என்று பெயர். லினக்ஸைத் திட்டாதீர்கள். ஸ்டிக்குக்குக் கீழே இருப்பது பழைய ரேடியோவின் வால்யூம் திருகில் இருந்த அதே கார்பன் சமாச்சாரம்தான். தேய்ந்தால் ரேடியோவில் கரகர, இங்கே டிரிஃப்ட். இப்போது காந்தத்தில் இயங்கும் 'ஹால் எஃபெக்ட்' ஸ்டிக் வைத்த பேட்கள் வருகின்றன. ஒன்றோடொன்று உரசாததால் அந்தத் தேய்மானம் இல்லை. புதிதாக வாங்குபவர்கள் பெட்டியில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

சரி, ஓடாதவை. என் மகன் பத்தாம் வகுப்பு. அவனுக்கு உயிர் வாலரன்ட் என்ற ஆன்லைன் கேம். அது லினக்ஸில் ஓடாது. ஃபோர்ட்நைட்டும் ஓடாது. லினக்ஸுக்குத் திறமை போதாது என்பதல்ல காரணம். ஏமாற்றி விளையாடுவோரைப் பிடிக்கும் ஆன்ட்டி-சீட் மென்பொருள் விண்டோஸின் அடிமடி வரை போய் உட்காருவதைத்தான் அந்தக் கேம்களைத் தயாரிப்பவர்கள் நம்புகிறார்கள். ஈஸி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு வழி திறந்துவிட்டன. ஆனாலும் கேம் தயாரிப்பவர் சம்மதித்தால்தான் உண்டு. எல்டன் ரிங் சம்மதித்தது. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் சம்மதித்து, பிறகு 2024 அக்டோபர் கடைசியில் கதவைச் சாத்தியது. ஜிடிஏ 5 கதை ஓடும், ஆன்லைன் 2024 செப்டம்பரிலிருந்து கிடையாது. காசு கொடுத்து வாங்கியவனை நடுவில் வெளியே நிறுத்துவது எனக்கு அறவே பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் மகனுக்காக ஒரு பழைய ஹார்டு டிஸ்கில் விண்டோஸ் 10 இன்னும் இருக்கிறது. அதில் பேங்க், ஜிபே சம்பந்தமாக எதையும் திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

என் மனைவி கேம் பக்கமே வராதவர். டொரோன்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட வெண்பா என்ற கேமை ஒரு நாள் ஓட்டிக்கொண்டிருந்தேன். கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், பாதி அழிந்துபோன சமையல் குறிப்பைப் பார்த்து அம்மா சமைக்க வேண்டும். இட்லித் தட்டில் நான் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, "அதை இப்படிக் கொடுங்க" என்று பேடை வாங்கினார். முடியும்வரை திருப்பித் தரவில்லை. அதுவும் விண்டோஸ் கேம்தான், புரோட்டானில் ஓடியது. பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கிய கேம் என்று சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும், ரசத்துக்கு வாங்க" என்றார்.

எனவே, அந்த வாசகரிடம் தாங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது, "என்ன கேம் விளையாடுகிறீர்கள்?" என்பது. புரோட்டான்டிபி தளத்தில் கேமின் பெயரை அடித்தால், விளையாடிப் பார்த்தவர்கள் பிளாட்டினம், கோல்டு என்று தரம் போட்டு வைத்திருப்பார்கள். வாலரன்ட், ஃபோர்ட்நைட் மாதிரி என்றால் விண்டோஸை விட்டு வர வழியில்லை. மற்றதெல்லாம் என்றால், எதையும் அழிக்காமல் பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டி ப்ளூடூத், வைஃபை, கன்ட்ரோலர் எல்லாம் பிடிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளலாம். திண்டுக்கல் பக்கத்துக்காரர் என்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடைக்கு வரட்டும், காசு வேண்டாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும், உள்ளே கல்யாண போட்டோ எதுவும் இல்லாததாகப் பார்த்து.

இப்படிக்கு,
முன்னாள் பிரவுசிங் சென்டர்காரர்,
நாகல் நகர், திண்டுக்கல்.