மதர்போர்டுக்கு ஒரே வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே கணினி அசெம்பிள் செய்வது பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படி ஒரு விஷயத்தைத் தமிழில் எடுத்து எழுதியதற்கு முதலில் நன்றி. ஆனால் ப்ராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பத்தி பத்தியாக எழுதிவிட்டு, மதர்போர்டு என்று வந்ததும் பட்ஜெட்டுக்கு ஏற்றதை வாங்கலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அடுத்த பத்தியிலேயே ஓவர்க்ளாக் செய்ய, அதாவது ப்ராசஸரை நிறுவனம் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட, யோசனையும் சொல்லியிருக்கிறீர்கள். ஓவர்க்ளாக் செய்யப்போகிறவருக்கு மதர்போர்டுதான் முதல் கேள்வி, அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில், எந்தப் போர்டில் ஓவர்க்ளாக் செய்யவே முடியும் என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். இன்டெல் பக்கம் போனால், பெயரில் கே என்ற எழுத்து உள்ள ப்ராசஸரும் வேண்டும், இசட் வரிசை சிப்செட்டும் (போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சிப்) வேண்டும், அதாவது இசட்690, இசட்790, இப்போதைய இசட்890. பி760 போர்டில் 14600கே மாட்டினால் கணினி நன்றாகவே ஓடும், ராம் வேகத்தைக்கூட ஏற்றலாம், ஆனால் ப்ராசஸரின் வேகத்தை நிர்ணயிக்கும் மல்டிப்ளையரைத் தொட முடியாது. கே-க்குக் கூடுதல் காசு கொடுத்துவிட்டு பி வரிசை போர்டோடு வீட்டுக்கு வருபவர்கள் நிறையப் பேர், கடைக்காரர்களும் எடுத்துச் சொல்வதில்லை. ஏஎம்டி பக்கம் நிலைமை நல்லது. ரைசன் ப்ராசஸர்களில் பெரும்பாலானவை பூட்டப்படாதவை, நடுத்தர விலை பி வரிசை போர்டிலேயே ஓவர்க்ளாக் செய்யலாம். பி450, பி550, பி650, பி850 எல்லாம் சரி. ஏ520, ஏ620 வேண்டாம். ஒரு பெயரில் மட்டும் உஷாராக இருக்க வேண்டும்: பி840. பார்க்க பி850-க்குத் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் அதில் ப்ராசஸர் ஓவர்க்ளாக் கிடையாது. விலை வித்தியாசத்தைப் பார்த்து அதை எடுத்துவிடாதீர்கள்.

இனி உண்மையில் காசு எங்கே போக வேண்டும் என்பதற்கு வருகிறேன். கணினியின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் கொடுப்பது 12 வோல்ட். ப்ராசஸருக்கு வேண்டியது சுமார் 1.2 வோல்ட். இடையில் நின்று அதை இறக்கிக் கொடுப்பது மதர்போர்டில் உள்ள விஆர்எம் என்ற மின்சுற்று. 105 வாட் என்று பெட்டியில் போட்டிருக்கும் எட்டு கோர் ரைசன் 7 5800எக்ஸ் முழு வேலையில் 142 வாட் வரை இழுக்கும். அவ்வளவு குறைந்த வோல்ட்டில் அவ்வளவு வாட் என்றால் ஏறக்குறைய நூறு ஆம்பியர் அந்தச் சின்ன இடத்தில் ஓடுகிறது, வீட்டில் ஒன்றரை டன் ஏசியே ஏழெட்டு ஆம்பியர்தான் இழுக்கும். விஆர்எம் 90 சதவீதத் திறனோடு வேலை செய்தாலும் பதினைந்து வாட் அளவுக்கு அங்கேயே வெப்பமாகிறது, இது ஓவர்க்ளாக் செய்வதற்கு முன்னால் உள்ள கணக்கு. வோல்டேஜை ஏற்றினால் மின்சாரமும் வெப்பமும் சேர்ந்து ஏறும்.

என் அக்கா மகன் வாங்கிய கணினியில் இதை நேரில் பார்த்தேன். ஓரமெல்லாம் விளக்கு எரியும் போர்டு, அதில் அதே எட்டு கோர் ப்ராசஸர், மேலே தண்ணீரில் குளிரூட்டும் கூலர். வீடியோ ரெண்டர் போட்டால் முதல் சில நிமிடம் நாலரை கிகாஹெர்ட்ஸில் நிற்கும், அப்புறம் திடீரென்று மூன்றுக்கும் கீழே விழும், கொஞ்ச நேரம் கழித்து ஏறும், மறுபடி விழும். ப்ராசஸர் வெப்பம் 70-ஐத் தாண்டவே இல்லை, அதனால் பையன் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான். வெப்பம் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து பார்த்தால் விஆர்எம் வெப்பம் 110-க்கு மேலே. பக்க மூடியைக் கழற்றினேன், ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டுக்கு இடப்பக்கம் மட்டும் வெப்பத்தை வாங்கும் மெல்லிய உலோக ஹீட்சிங்க், மேல் வரிசை மாஸ்ஃபெட்டுகள் (விஆர்எம்மில் சூடாகும் சிப்கள்) மொட்டையாக இருந்தன. டேபிள் ஃபேனை அந்தப் பக்கம் திருப்பி வைத்ததும் வேகம் விழுவது நின்றுவிட்டது. அந்த விளக்குகளுக்கும் பளபளக்கும் பிளாஸ்டிக் மூடிக்கும் கொடுத்த காசு ஹீட்சிங்க்குக்குப் போயிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. டவர் கூலரோ, கீழ்நோக்கி ஊதும் கூலரோ இருந்தால் அதன் காற்று விஆர்எம் மேலும் கொஞ்சம் படும். லிக்விட் கூலர் போட்டால் சாக்கெட்டைச் சுற்றிக் காற்றே இருக்காது. பட்ஜெட் போர்டில் லிக்விட் கூலர் மாட்டுவதைவிட நல்ல போர்டில் சாதாரண டவர் கூலர் மாட்டுவது எவ்வளவோ மேல்.

கடையில் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். சாக்கெட்டைச் சுற்றி வரிசையாகச் சதுர சோக்குகள் (விஆர்எம்மின் சுருள்கள்) இருக்கும், அவற்றை ஒட்டிய மாஸ்ஃபெட்டுகள் இரண்டு பக்கமும் ஹீட்சிங்க்குக்குக் கீழே மறைந்திருக்கிறதா, அந்த ஹீட்சிங்க் கனமான அலுமினியமா, திருகு போட்டு இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் 14+2+1 மாதிரியான ஃபேஸ் எண்ணிக்கையை (ஃபேஸ் என்றால் விஆர்எம்மின் சுமையைப் பங்கிடும் ஒரு பிரிவு) மட்டும் நம்ப வேண்டாம், 14 என்பது பல போர்டுகளில் ஏழு ஃபேஸை இரட்டித்துக் காட்டும் கணக்கு. ஒவ்வொரு ஃபேஸும் எத்தனை ஆம்பியர் தாங்கும், மாஸ்ஃபெட்டுகளை ஒரே சிப்பில் அடக்கிய டிஆர்மாஸ் வகையா என்பதுதான் முக்கியம். ஆறு அல்லது எட்டு ஃபேஸ், ஒவ்வொன்றும் 50, 60 ஆம்பியர் தாங்கும் டிஆர்மாஸ், மேலே நல்ல ஹீட்சிங்க், இது இருந்தால் எட்டு கோர் ப்ராசஸரை வீட்டில் ஓவர்க்ளாக் செய்ய தாராளமாகப் போதும்.

சிப்செட் பெயருக்காக அதிகக் காசு கொடுக்க வேண்டாம். எக்ஸ்670-இல் இருப்பது பி650-இல் உள்ள அதே சிப் இரண்டு, அவ்வளவுதான். எக்ஸ்870-இல் அதே சிப் ஒன்றோடு யுஎஸ்பி4 கட்டாயமாகச் சேர்கிறது. கூடுதல் எஸ்எஸ்டியும் யுஎஸ்பி போர்ட்டும் வேண்டியவர்களுக்கு இவை பயன்படும், ப்ராசஸர் ஓவர்க்ளாக்குக்கு இவற்றால் எந்த லாபமும் இல்லை. நல்ல விஆர்எம் உள்ள பி650 போர்டு, சுமாரான விஆர்எம் உள்ள எக்ஸ் வரிசை போர்டைவிட மேலானது, விலையும் குறைவு.

போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். ப்ராசஸரோ ராமோ இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டுக்குச் சில நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம், ஓவர்க்ளாக் செய்கிறவருக்கும் பின்னாளில் ப்ராசஸரை மாற்றுகிறவருக்கும் அது உயிர் காக்கும். அடுத்தது, கணினி ஓடியதும் முதல் வேலையாகப் புதிய பயாஸை ஏற்றிவிடுங்கள். 2023-இல் ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில போர்டுகளில் கருகிப்போன பிறகுதான், ராம் வேகத்தை ஏற்றும் எக்ஸ்போ அமைப்பைப் போட்டால் ப்ராசஸரின் எஸ்ஓசி பகுதிக்குப் போகும் வோல்டேஜ் 1.3-ஐத் தாண்டாதபடி பயாஸில் கட்டுப்பாடு வந்தது. கடையில் பல நாளாகத் தூங்கும் பழைய சரக்கில் அது இருக்காது.

ராம் பற்றிச் சுருக்கமாக: டிடிஆர்5-இல் இரண்டு ஸ்டிக் போதும். நான்கு மாட்டினால் ரைசன் 7000-க்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600 மட்டும்தான், இரண்டு ஸ்டிக்கில் 6000 பெரும்பாலும் சுலபமாக ஓடும். ஆகவே இரண்டே ஸ்லாட் உள்ள சின்ன போர்டைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை.

ஓவர்க்ளாக்கில் அப்படி என்ன லாபம் என்று கேட்பார்கள். 1998-இல் வந்த செலரான் 300ஏ-வை அபிட் பிஹெச்6 மாதிரியான 440பிஎக்ஸ் போர்டில் மாட்டி, ப்ராசஸர் வேகத்துக்கு அடிப்படையான பஸ் வேகத்தை 66-இலிருந்து 100-க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் 450-இல் ஓடும், ஒன்றரை மடங்கு. இன்றைக்கு அந்த அளவு கிடைக்காது, நிறுவனங்களே ப்ராசஸரை எல்லைக்குப் பக்கத்தில் ஓட்டித்தான் விற்கின்றன. ஏஎம்டியின் கர்வ் ஆப்டிமைசர் அமைப்பில் வோல்டேஜைக் குறைத்து, ராமைச் சரியாக அமைத்தால் சில சதவீத வேகமும் குறைந்த வெப்பமும் கிடைக்கும். மலிவான ப்ராசஸரை வாங்கி, மிச்சத்தைப் போர்டில் போட்டு, இந்த வேலையைப் பொறுமையாகச் செய்கிறவருக்கு அது நல்ல பலன்தான். ஓவர்க்ளாக் செய்து கெட்டுப்போனால் வாரண்டி கிடைக்காமல் போகலாம் என்பதையும் இளைஞர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு விமர்சனங்களில் விஆர்எம் வெப்பம் 80 டிகிரி, பிரச்சினை இல்லை என்று வருவது பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் அளந்தது. மே மாதத் திருச்சியில் ஏசி இல்லாத மாடி அறை 38-இல் இருக்கும்போது அதே போர்டு 95-ஐத் தொடும், கேபினட்டுக்குள் காற்றோட்டம் இல்லையென்றால் இன்னும் மேலே. ஆகவே அடுத்த முறை போர்டுகளின் பட்டியல் போடும்போது விலையோடு விஆர்எம் விவரத்தையும், அளந்த அறையின் வெப்பநிலையையும் சேர்த்துப் போடுங்கள். முடிந்தால் நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரம் முழு வேலை கொடுத்துச் சோதித்த பிறகு எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி