மூன்றாம் நம்பர் வால்வை மூடி வை, அம்மணி

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். ஊரில் கார்த்திகை மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. செங்காந்தள் பூக்கும் நம் கண்வலிக் கிழங்குத் தோட்டத்தில் காய் பிடித்துவிட்டது. காலையில் பூப்பூவாக மகரந்தம் தொட்டுவிடும் வேலை முடிந்ததால் கொஞ்சம் ஓய்வாக இருக்கிறேன். போனில் பேசினால் பேரன் குட்டி குறுக்கே வந்துவிடுகிறான், சொல்ல நினைத்தது பாதியில் நின்றுபோகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ நேற்று அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்வாசல் நடைபாதை ஓரம் ‘புல் முளைத்திருக்கிறது, சனிக்கிழமை பிடுங்கிவிடுகிறேன்’ என்று எழுதியிருந்தாயே, அது புல் இல்லை கண்ணு. அக்டோபரில் உன் கலிபோர்னியா வீட்டில் இருந்தபோது நான் நட்டுவிட்டு வந்த நார்சிசஸ் பூச்செடிக் கிழங்குகள். மொத்தம் 40. தயவுசெய்து கை வைக்காதே.

அந்தக் கிழங்கு எப்படிக் கிடைத்தது என்று உனக்குச் சொன்னேனா? எதிர்வீட்டுச் சீனப் பாட்டி தன் தோட்டத்தில் நெருக்கமாகப் போன தூரைத் தோண்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் வேலி ஓரம் நின்று பார்த்தேன். அவருக்கு என் பேச்சு தெரியாது, எனக்கு அவர் பேச்சு தெரியாது. கொத்தை வாங்கி நானும் தோண்டினேன். ஒரு கிழங்கில் கொத்து பட்டு இரண்டாகப் பிளந்துவிட்டது. பெரிய வெங்காயத்தை அரிந்த மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. நட்ட நடுவில், நகக்கண் அளவுக்கு, பூமொட்டு! இன்னும் வேர்கூட விடாத கிழங்குக்குள் வரப்போகும் பூ தயாராக உட்கார்ந்திருந்தது. நம் கண்வலிக் கிழங்கில் இப்படிப் பார்த்ததில்லை. அது கலப்பை வடிவத்தில் இருக்கும், நுனியில் ஒரு கண் இருக்கும், அவ்வளவுதான். பாட்டி பையில் போட்டுக் கொடுத்துவிட்டு ‘சுய்சியன், சுய்சியன்’ என்றார். நீரில் வாழும் தேவதை என்று அர்த்தமாம், அவர் பேரன் சொன்னான். சீனப் புத்தாண்டுக்குப் பூக்க வைப்பார்களாம். 19ஆம் நூற்றாண்டில் கலிபோர்னியாவுக்கு வேலைக்கு வந்த சீனர்கள் கடல் தாண்டி இதைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

பனிக்காலத்தில் பூப்பதா என்று நீ அன்றைக்கு ஆச்சரியப்பட்டாய். உன் ஊர் மழையைப் பார்த்தால் விளங்கும். சான் ஹோசேயில் வருஷத்துக்கு ஏறக்குறைய 15 அங்குல மழை, அதுவும் அநேகமாக நவம்பரிலிருந்து ஏப்ரலுக்குள். மே முதல் செப்டம்பர் வரை மழை எட்டிப்பார்ப்பதே இல்லை, நான் ஆறு மாதம் இருந்து பார்த்தேனே. மத்தியதரைக்கடல் ஓரம், ஆப்பிரிக்காவின் தென்முனையில் கேப் பகுதி, சிலி நாட்டின் நடுப்பகுதி, ஆஸ்திரேலியாவின் தெற்கு, தென்மேற்கு ஓரம், இங்கெல்லாமும் இதே மாதிரிதான்: குளிரில் மழை, கோடையில் வறட்சி. அந்த நிலங்களில் பிறந்த கிழங்குகளுக்குக் கோடைதான் ஆபத்தான காலம். அதனால் அப்போது மண்ணுக்குள் தூங்கிவிட்டு, முதல் மழை விழுந்ததும் எழுந்து, குளிரிலேயே தழைத்துப் பூத்து, வெயில் ஏறுவதற்குள் மறுபடி படுத்துவிடும். நம் மூலனூர்க் கண்வலியும் சித்திரை வெயிலில் காய்ந்து படுத்து, ஆடியில் எழுந்து, ஐப்பசியில் வேலியெல்லாம் நெருப்பாகப் பூப்பதில்லையா? மாதக்கணக்குதான் வேறு. உன் வீட்டு மண்ணில் கை வைத்தபோது எனக்கு அது அந்நிய ஊராகத் தெரியவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன்.

மழை பத்து நாளைக்கு மேல் பெய்யாவிட்டால் ஒருமுறை நன்றாக நனையும்படி தண்ணீர் விடு. இலை நீண்டு, மார்கழியிலோ தையிலோ மொட்டு வரும். இடம் மாற்றி நட்ட முதல் வருஷம் எல்லாமே பூக்காது, மனசு விடாதே. பூ வாடியதும் காம்பை மட்டும் நறுக்கு. இலையைத் தொடாதே. பூ முடிந்த பிறகு இலை எப்படியும் ஆறேழு வாரம் பச்சையாக நிற்கும், பிறகு மஞ்சளாகிச் சாயும். பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த வருஷத்துப் பூவுக்கான சாப்பாட்டை அந்த இலைதான் கிழங்குக்குள் இறக்குகிறது. வாராவாரம் மெஷினோடு வரும் தோட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவை. முடி பின்னுவது போல இலையை முடிந்து வைப்பதும் வேண்டாம்.

இலை முழுக்கக் காய்ந்ததும் மூன்றாம் நம்பர் வால்வை மூடிவிடு. அந்த ஓரத்துக்குச் சொட்டுநீர் போவது அதில்தான். மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை திறக்கவே கூடாது. மாப்பிள்ளை டைமரைப் புதிதாக வைக்கும்போது மறந்துவிடுவார், பெட்டியின் மேல் ஒரு காகிதம் ஒட்டு. நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, முதல் தடவையாகக் கண்வலி வைத்தேன். உன் அம்மாவின் வளையலை அடகு வைத்து வாங்கிய கிழங்கு. சித்திரையில் பக்கத்துத் தென்னைக்குப் போன வாய்க்கால் கசிந்துகொண்டே இருந்தது, மேலே ஒன்றும் தெரியாததால் நான் கவனிக்கவில்லை. ஆடியில் தோண்டிப் பார்த்தால் அரை ஏக்கரும் கூழ். அன்றைக்கு அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வளையலை மீட்க மூன்று வருஷம் ஆயிற்று. உனக்கு இது தெரியாது, தெரிய வேண்டாம் என்றுதான் இருந்தோம்.

பின்பக்கத் தொட்டிகளைப் பற்றி. நீல நிறத் தொட்டி இரண்டிலும் ஃப்ரீசியா, மண் தொட்டியில் லக்கனேலியா. இரண்டும் கேப் பகுதிக்காரர்கள். லக்கனேலியா முதலில் வரும், மஞ்சளும் சிவப்பும் கலந்த குழல் குழலான பூ. உறைபனி விழும் என்று வானிலையில் சொன்னால் அந்த ராத்திரி மட்டும் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வை. ஃப்ரீசியாவுக்கு மாசி, பங்குனி ஆகும். தண்டு மெலிசு, சாயும், ஒரு குச்சி நட்டுக் கட்டு. கோடையில் தொட்டியை அப்படியே கராஜுக்குள் வைத்தால் போதும், உலர்ந்து கிடக்கட்டும்.

மாப்பிள்ளை ஆசையாக வாங்கிவந்த டியூலிப்பை நான் மறக்கவில்லை. அது நிஜமான குளிர்நாட்டுச் செடி, உன் ஊர்க் குளிர் அதற்குப் போதாது. அதனால்தான் ஃபிரிட்ஜில் காய்கறி வைக்கும் இழுப்பறைக்குள் காகிதப் பையில் வைத்தேன். பக்கத்தில் ஆப்பிள் வைக்காதீர்கள். பழுக்கும் பழத்திலிருந்து வரும் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். டிசம்பர் கடைசியில் எடுத்து ஆறு அங்குல ஆழத்தில் நடு. கம்பி வலைக் கூடைக்குள் வைத்துத்தான் நட வேண்டும், உன் புல்தரையில் மண் குவித்து வைக்கும் அந்தக் கோஃபர் எலிக்கு டியூலிப் என்றால் உயிர். நார்சிசஸைத் தொடாது, அதில் நஞ்சு இருக்கிறது. டியூலிப் ஒரு வருஷத்து அழகுதான். என்னைக் கேட்டால் மறு வருஷம் வாங்க வேண்டாம்.

நஞ்சு என்றதும் ஒன்று. மீந்த பத்து நார்சிசஸ் கிழங்கைக் கராஜ் ஆணியில் பையில் தொங்கவிட்டிருக்கிறேன். வெங்காயம் மாதிரியே இருக்கும். சமையலறைப் பக்கம் கொண்டுவரவே கூடாது. ஃப்ரீசியாக் கிழங்கு பார்க்கச் சின்ன வெங்காயம் மாதிரி. குட்டி கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள், பை மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டு. இங்கே கண்வலிக் கிழங்கை நாங்கள் எப்படிப் பூட்டி வைப்போம் என்று உனக்குத் தெரியும். நார்சிசஸ் பூவைப் பறித்தால் குட்டிக்குக் கை கழுவிவிடு. அதன் காம்பில் வழியும் கொழகொழப்பு, ஒரே ஜாடியில் வைக்கும் வேறு பூக்களையும் சீக்கிரம் வாட வைக்கும். தனி ஜாடியில் வை.

இன்னொன்று. பின்வேலி ஓரம் புளியாரை மாதிரி இலையோடு, எலுமிச்சை மஞ்சளில் பூத்துக்கொண்டு ஒன்று வரும். தெருவெல்லாம் அதுதான். பார்த்தால் நம் ஊர்ப் புளியாரைக்கு அக்கா போல இருக்கும், உறவும்தான். அழகாக இருக்கிறதே என்று விட்டுவிடாதே. அதுவும் கேப்பிலிருந்து வந்ததுதான், ஆனால் பிடுங்கினால் அடியில் குட்டிக் கிழங்கை உதிர்த்துவிட்டு வரும், அடுத்த வருஷம் பத்தாக முளைக்கும். மழைக்குப் பிறகு மண் ஈரமாக இருக்கும்போது, பூக்கும் முன்பே, கொத்தால் ஆழமாகத் தோண்டி எடு. எடுத்ததைக் குப்பையில் போடு, உரக்குழியில் போடாதே.

சுய்சியனுக்கு வாசனை அதிகம் என்று பாட்டி மூக்கின் மேல் விரல் வைத்துக் காட்டினார். எனக்கு அது வாய்க்கவில்லை, பூக்கும் முன் விமானம் ஏறிவிட்டேன். முதல் பூ விரிந்ததும் படம் மட்டும் அனுப்பிவிட்டுப் போய்விடாதே. ஒரு கொத்து எடுத்துப் பாட்டி வீட்டுக்குக் கொடு. அப்புறம் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் செய். மல்லிகை மாதிரியா, நம் சம்பங்கி மாதிரியா, அதைத்தான் அம்மாவும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா