வண்டுக் கார் வைத்திருப்போரே, அந்த அட்டையை மாற்றுங்கள்

அன்பிற்குரிய நண்பர்களே,

தமிழ்நாட்டில் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றிவரும் உங்களுக்கும், பழைய கார் கண்காட்சிகளை நடத்துவோருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். நானும் உங்களில் ஒருவன். என்னிடம் இருப்பது 1959 மாடல். ஊரைவிட்டுப் புறப்பட்ட ஒருவரிடமிருந்து 1974-இல் என் அப்பா வாங்கியது. எங்கள் தெருப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் ஆமைக் கார். ஜெர்மானியர்கள் அதை வண்டு என்கிறார்கள். வீட்டில் எங்களுக்கு அது வெறும் 'வண்டி'தான்.

சென்ற ஆண்டு ஒரு கண்காட்சியில், என் வண்டியைவிட நூறு மடங்கு அழகாகப் பேணப்பட்ட ஒரு வண்டைப் பார்த்தேன். சன்னல் ரப்பர்கூட மூலப்படியே இருந்தது. அருகில் ஒரு தகவல் அட்டை. 'ஹிட்லர் வரைந்து, தன் மக்களுக்குப் பரிசாகக் கொடுத்த கார்' என்று எழுதியிருந்தார்கள். சீருடை அணிந்த ஒரு பள்ளிச் சிறுமி அதை வரி மாறாமல் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தாள்.

உரிமையாளரிடம் பேசினேன். நல்ல மனிதர். தேநீர் வாங்கிக் கொடுத்தார். "எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்? கார்தானே சார், அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. 2018-இல் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலை இருக்கும் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் நகருக்குப் போய்வரும்வரை என் வண்டியைப் பார்க்க வந்த எத்தனையோ பேரிடம் நானும் அதே வாக்கியத்தைப் பெருமையோடு சொல்லியிருக்கிறேன். 'அதில் என்ன இருக்கிறது' என்ற அவருடைய கேள்விக்கு அன்று நின்ற இடத்தில் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலில் 'வரைந்தார்' என்பதை எடுத்துக்கொள்வோம். பின்பக்க இஞ்சின், நடுவில் முதுகெலும்பு போன்ற சட்டகம், தனித்தனியாக அசையும் சக்கரங்கள், காற்றைக் கிழிக்கும் வளைந்த உடல் ஆகிய யோசனைகள் 1920-களிலும் 30-களின் தொடக்கத்திலும் ஐரோப்பியப் பொறியாளர் பலரின் மேசையில் கிடந்தவை. செக்கோஸ்லோவாகியாவின் டாட்ரா நிறுவனத்தில் ஹான்ஸ் லெட்வின்கா அந்த வழியில் கார்களே செய்தார். அவற்றை மலிவாக, உறுதியாக, லட்சக்கணக்கில் செய்யக்கூடிய ஒரே காராகத் திரட்டியது ஃபெர்டினாண்ட் போர்ஷேயும் அவருடைய குழுவும். அரசின் விருப்பப்படி ஜெர்மன் கார் தொழில் சங்கம் அந்த வேலையை அவரிடம் ஒப்படைத்தது 1934-இல்.

அந்தப் பொறியாளர்களில் ஒருவரின் பெயரை நாம் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். அவர் யோசெஃப் கான்ஸ். புடாபெஸ்டில் பிறந்த யூதர், வாகன இதழாசிரியர். சாமானியனும் வாங்கக்கூடிய சிறிய கார் வேண்டும் என்று தன் இதழில் ஓயாமல் எழுதியவர். 1931-இல் அவர் செய்த மாதிரிக் காரின் பெயர் 'மைக்கேஃபர்', அதாவது மே மாத வண்டு. அவருடைய வழியில் உருவான சிறிய கார் 1933 பெர்லின் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ அவரைக் கைது செய்தது. வெளியே வந்தபின் நாட்டைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. 1967-இல் ஆஸ்திரேலியாவில் இறந்தார். வண்டு முழுவதும் கான்ஸின் படைப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'ஹிட்லர் வரைந்தார்' என்று நாம் எழுதும்போது, ஹிட்லரின் ஆட்சி துரத்தியடித்த மனிதரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஹிட்லரின் பெயரை எழுதுகிறோம்.

அடுத்தது 'பரிசு'. அது பரிசே அல்ல. ஒருவருக்கும் கிடைக்கவும் இல்லை. 1933 மே 2 அன்று ஜெர்மனியின் சுதந்திரத் தொழிற்சங்கங்களை நாஜிகள் ஒரே நாளில் நசுக்கி, அவற்றின் சொத்துகளைப் பறித்துத் தங்கள் 'ஜெர்மன் தொழிலாளர் முன்னணி'யிடம் ஒப்படைத்தார்கள். அந்தச் சொத்தை விற்ற பணமும் கலந்துதான், ஃபாலர்ஸ்லேபன் அருகே, இன்றைய வோல்ஃப்ஸ்பர்க்கில், 1938 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்ட தொழிற்சாலை எழுந்தது. காரின் விலை 990 மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்). கார் வேண்டுமென்றால் வாரம் 5 மார்க் கட்டி, ஒரு முத்திரை வாங்கிச் சேமிப்பு அட்டையில் ஒட்ட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள். வட்டி கிடையாது. சுமார் 3,36,000 பேர் நம்பிக் கட்டினார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்தத் திட்டத்தில் கார் வாங்கவில்லை. போர் வந்தது, தொழிற்சாலை படைக்கான வாகனங்களைச் செய்தது. செய்யப்பட்ட சில நூறு வண்டுகளும் கட்சிப் பெரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. சேமித்தவர்கள் போருக்குப் பின் நீதிமன்றம் ஏறி இறங்கினார்கள். 1961-இல்தான் உடன்பாடு வந்தது: புதிய காரில் 600 மார்க் வரை தள்ளுபடி, அல்லது கையில் 100 மார்க். சீட்டுக் கட்டி ஏமாந்த குடும்பங்களைப் பார்த்திருக்கும் நமக்கு, அந்தப் பதினைந்து இருபது ஆண்டுக் காத்திருப்பு எப்படிப்பட்டது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதைச் சொல்வது எளிது. இனி எழுதப்போவதை வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையின் பழைய பதுங்கறைக்குள் நின்றுதான் நான் முதன்முதலாக அறிந்தேன். போர்க்காலத்தில் விமானத் தாக்குதலிலிருந்து தப்பிக்கக் கட்டிய இடம் அது. இன்று கட்டாய உழைப்பின் நினைவிடம். அந்தத் தடித்த கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே நின்றபோது என் வண்டியின் சாவி சட்டைப் பையில் இருந்தது. பயணத்தில் அதைக் கொண்டுபோகத் தேவையே இல்லை. ஆசையாக எடுத்துப் போயிருந்தேன்.

போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் சுமார் 20,000 பேர் கட்டாயமாக உழைக்க வைக்கப்பட்டார்கள். போலந்திலிருந்தும் சோவியத் நாட்டிலிருந்தும் பிடித்துவரப்பட்ட பெண்களும் ஆண்களும், போர்க்கைதிகள், இத்தாலியச் சிப்பாய்கள், பிரெஞ்சுக்காரர்கள், டச்சுக்காரர்கள், வதைமுகாம் கைதிகள், ஆஷ்விட்ஸிலிருந்து அனுப்பப்பட்ட ஹங்கேரிய யூதப் பெண்கள். 1944-இல் அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் விருப்பத்தோடு வந்தவர்கள் அல்லர்.

அந்தப் பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து ஒரு விடுதியில் வைத்தார்கள். தாய் மறுபடி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக. 1944-இல் அந்த விடுதியைப் பக்கத்து ஊரான ரூயனுக்கு மாற்றினார்கள். தொற்றும் அழுக்கும் கவனிப்பின்மையும் சேர்ந்து 350-க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகள் இறந்தன. அந்த விடுதிக்குப் பொறுப்பாக இருந்த தொழிற்சாலை மருத்துவர் ஹான்ஸ் கோர்பெலை 1946-இல் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் விசாரித்து மரண தண்டனை விதித்தது. 1947-இல் தூக்கிலிடப்பட்டார்.

இதைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஊர் திரும்பியபின் இரண்டு மாதம் வண்டியை எடுக்கவில்லை. விற்றுவிடலாமா என்றுகூட நினைத்தேன். விற்கவில்லை. ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் யாரையும் வண்டியை வெறுக்கச் சொல்வது என் நோக்கமே அல்ல.

நம் கையிலிருக்கும் வண்டுகள் அந்தக் கட்டாய உழைப்பில் பிறந்தவை அல்ல. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை அந்த ஊருக்குள் வந்தது. பிறகு பிரிட்டிஷார் பொறுப்பேற்று, ஐவன் ஹர்ஸ்ட் என்ற இளம் ராணுவ மேஜரை ஆகஸ்டில் அனுப்பினார்கள். இடிந்து கிடந்த ஆலையில் மிஞ்சியிருந்த ஒரு வண்டுக்குப் படை நிறம் பூசி அவர் மேலதிகாரிகளிடம் காட்டினார். பிரிட்டிஷ் படைக்கு 20,000 கார் செய்யும்படி உத்தரவு வந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே ஆலையில் தொழிலாளர் குழுவுக்குச் சுதந்திரமான தேர்தல் நடந்தது. தொழிற்சங்கங்களிடமிருந்து பறித்த பணம் கலந்து எழுந்த கட்டடத்தில் தொழிலாளர்கள் வாக்களித்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. டிசம்பர் 27 அன்று உற்பத்தி தொடங்கியது. 1948 தொடக்கத்தில் ஹைன்ரிஷ் நோர்டோஃப் தலைமையேற்றார். 1955 ஆகஸ்டில் பத்து லட்சமாவது வண்டு வெளியே வந்தது. 1972 பிப்ரவரியில் ஃபோர்டு மாடல் டி-யின் எண்ணிக்கையை வண்டு தாண்டியது. 2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவின் பியூப்லாவில் கடைசி வண்டு இறங்கியபோது மொத்தக் கணக்கு 2,15,29,464.

அந்தக் கணக்கில் ஒன்று எங்கள் வீட்டில் நிற்கிறது. அதன் 1192 சி.சி. இஞ்சின் தரும் 30 குதிரைத்திறனில் நான்கு பேரும் ஒரு பெட்டியும் ஏற்காடு மலைப்பாதையில் இரண்டாம் கியரில் ஏறியிருக்கிறோம். வழியில் ரேடியேட்டர் கொதித்து நின்ற கார்களுக்கு அப்பா தண்ணீர்க் கேன் கொடுப்பார். எங்கள் வண்டிக்குத்தான் தண்ணீரே வேண்டாமே, காற்றில் குளிரும் இஞ்சின்! பெட்ரோல் மீட்டர் கிடையாது. வண்டி விக்கத் தொடங்கியதும் காலடியில் இருக்கும் ரிசர்வ் நெம்புகோலைத் திருப்ப வேண்டும், வீடு வந்ததும் மறக்காமல் பழையபடி வைக்க வேண்டும். அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அது. இரண்டாவது பாடம், ஃபேன் பெல்ட் அறுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும் என்பது. காற்று நின்றால் இஞ்சின் வெந்துவிடும்.

புதுப்பேட்டையில் பாகம் தேடி அலைந்த எங்கள் மெக்கானிக், மூன்றாம் சிலிண்டரின் வால்வு இடைவெளியை மட்டும் இரண்டு முறை பார்ப்பார். ஆயில் கூலர் அதன் காற்றை மறைப்பதால் அங்கே சூடு அதிகம். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் கேட்பதுபோல் இழுத்துப் பார்ப்பார். 0.1 மில்லிமீட்டர். இரண்டரை லிட்டர் ஆயில், ஃபில்டர் கிடையாது, வெறும் சல்லடை. அதனால் ஆயிலை மாற்றும் நாளைத் தள்ளிப்போட அவர் யாரையும் விட்டதில்லை. கதவை இறுக்கிச் சாத்தக் கொஞ்சம் கண்ணாடியை இறக்க வேண்டும், உள்ளே காற்று அவ்வளவு அடைப்பு. இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான். எழுதும்போது கை தானாக ஓடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வண்டியை இவ்வளவு நுணுக்கமாக அறிந்த நாம், அது பிறந்த கதையை மட்டும் ஏன் கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேண்டும்? தவறான நட்டு ஒன்றைப் பார்த்தால் நம்மால் பொறுக்க முடிவதில்லையே. இந்த வரலாற்றைச் சொல்வது அந்த நிறுவனத்தைப் பழிப்பதாகும் என்று சிலர் தயங்குகிறார்கள். நிறுவனமே மறைக்கவில்லை. 1986-இல் ஹான்ஸ் மொம்சன் என்ற வரலாற்றாசிரியரிடம் ஆய்வை ஒப்படைத்தது. 1998-இல் கட்டாய உழைப்பாளிகளுக்கென ஒரு நிதியை ஏற்படுத்தியது. நான் நின்ற நினைவிடம் 1999-இல் ஆலைக்குள்ளேயே திறக்கப்பட்டது. அங்கே வெளிப்படையாகச் சொல்வதை இங்கே நாம் அட்டையில் எழுதத் தயங்க வேண்டாம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பரிசுக் கதையையும் வரைந்த கதையையும் அட்டையிலிருந்தும் மேடைப் பேச்சிலிருந்தும் எடுத்துவிடுங்கள். அபூர்வப் பொருள் என்று பற்சக்கரம் சூழ்ந்த நாஜிக் காலச் சின்னத்தின் நகலைச் சக்கர மூடியில் பொருத்தியிருக்கும் ஓரிருவரைப் பார்த்தேன். தயவுசெய்து கழற்றிவிடுங்கள். கண்காட்சி நடத்துவோர், அட்டைகளை அச்சுக்கு அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், அவர்கள் நாம் எழுதியதை நம்பி எழுதிக்கொள்கிறார்கள்.

எதை எழுதுவது என்று கேட்பீர்கள். என் வண்டிக்கு நான் எழுதியிருப்பது இது. உங்களுக்குப் பிடித்தால் ஆண்டை மட்டும் மாற்றி அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

'ஃபோக்ஸ்வாகன் வண்டு, 1959. வடிவமைப்பு: ஃபெர்டினாண்ட் போர்ஷே குழு. இதற்கு முன்னோடியான யோசனைகளைத் தந்தவர்களில் யோசெஃப் கான்ஸ் என்ற யூதப் பொறியாளரும் ஒருவர். நாஜி ஆட்சியில் இந்தக் காருக்காகச் சேமித்த 3,36,000 பேரில் ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. போரின்போது இந்த ஆலையில் சுமார் 20,000 பேர் கட்டாய உழைப்பில் வதைபட்டார்கள். அவர்களில் இருந்த தாய்மார்களிடமிருந்து பிரிக்கப்பட்ட 350-க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகள் இறந்தன. 1945-க்குப் பின் ஆலை மீண்டும் தொடங்கியபோது செய்யப்பட்ட கார்களின் வரிசையில் வந்தது இந்த வண்டி.'

வரும் தை மாதக் கண்காட்சிக்கு இதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு எடுத்து வருகிறேன். கூடுதலாகவும் பிரதிகள் இருக்கும். உங்கள் வண்டியின் ஆண்டைச் சொன்னால் அன்று காலையே உங்கள் முன்பக்க மூடியின்மேல் வைத்துக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
1959 வண்டின் உரிமையாளர் ஒருவர்