படம் வரைந்தது யார் என்று கேட்டுச் சொல்லுங்கள்

பட்டரிக், மெக்கால், வோக், சிம்ப்ளிசிட்டி ஆகிய தையல் பேட்டர்ன் பெயர்களையும் அவற்றின் பழைய காகிதங்களையும் இன்று கையில் வைத்திருப்பவர்களுக்கு,

வணக்கம். இந்த மடலின் ஆங்கிலப் பிரதி உங்களுக்குத் தனியாக வரும். முதலில் தமிழில் எழுதிவிடுகிறேன். எனக்குக் கோபம் தமிழில்தான் ஒழுங்காக வரும்.

எங்கள் ஊரில் ஜாக்கெட் தைக்க வேண்டுமென்றால் அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தனுப்புவோம். டெய்லர் அதைத் துணிமேல் விரித்து, சாக்பீஸால் நாலு கோடு இழுத்து, வெட்டிவிடுவார். நான் போன தையல் வகுப்பில் காக்கித் தாளில் கட்டிங் போடச் சொல்லித் தந்தார்கள். ஆனால் வெட்டத் தயாரான அப்படிப்பட்ட தாள்களை, 'பேட்டர்ன்' என்று பெயரிட்டு, மடித்து, உறையில் போட்டு, மேலே படம் அச்சிட்டுக் கடையில் விற்பார்கள் என்பது அமெரிக்கா வந்த பிறகுதான் தெரிந்தது. சில வருடங்களுக்கு முன் இங்கே இறந்துபோன ஒரு பாட்டியின் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். ஒரு ஷூ பெட்டி நிறைய பழைய பேட்டர்ன்களை வாங்கி வந்தேன். ஒவ்வொரு உறையிலும் அந்தப் பாட்டி பென்சிலால் தன் பெயரை எழுதியிருந்தார். ஒன்றில், இடுப்பில் அரை அங்குலம் கூட்ட வேண்டும் என்ற குறிப்பும் இருந்தது.

1950களின் உறை ஒன்று இப்போதும் என் மெஷின் பக்கத்தில் இருக்கிறது. கையுறை போட்ட ஒரு பெண் லேசாகத் திரும்பி நிற்கிறாள். பாவாடையின் மடிப்புகளை ஐந்தாறு தூரிகைக் கோடுகளில் முடித்துவிட்டார் வரைந்தவர். அந்தக் கோடுகளைப் பார்த்தே இது மொடமொடப்பான பருத்தி, வழுக்கும் பட்டு இல்லை என்று சொல்லிவிடலாம். கையெழுத்து எங்கேயாவது இருக்குமா என்று லென்ஸ் வைத்துத் தேடினேன். கம்பெனி பெயர் இருந்தது, எண் இருந்தது, விலை இருந்தது, வாங்கிய பாட்டியின் பெயரும் இருந்தது. வரைந்தவரின் பெயரை மட்டும் காணவில்லை.

இது நேற்று தொடங்கிய வழக்கமும் இல்லை. மாசசூசெட்ஸின் ஸ்டெர்லிங் ஊரில் எபனேசர் பட்டரிக் 1863-இல் பேட்டர்ன் தொழிலைத் தொடங்கினார். மகனுக்கு உடுப்பு தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி எல்லன்தான், ஒரே பேட்டர்ன் வெவ்வேறு அளவுகளில் கிடைத்தால் எவ்வளவு வசதி என்று சொன்னவர் என்பது கம்பெனியே சொல்லிவந்த கதை. யோசனை மனைவியுடையது, பெயர்ப்பலகை கணவருடையது. சரி, அந்தக் காலம் அப்படி என்று விடலாம். ஆனால் அதே கம்பெனி 1870களிலிருந்து 1937 வரை நடத்திய பத்திரிகையின் பெயரைப் பாருங்கள்: 'டெலினியேட்டர்'. கோடு போட்டு வரைபவர் என்று பொருள். 1907 முதல் 1910 வரை அதற்கு ஆசிரியராக இருந்தவர் நாவலாசிரியர் தியோடர் டிரைசர். இலக்கிய வரலாறு அவர் அங்கே உட்கார்ந்திருந்த மூன்று வருடத்தையும் குறித்துவைத்திருக்கிறது. உள்ளே மாதாமாதம் பேட்டர்ன் உடுப்புகளைக் கோடு போட்டு வரைந்தவர்கள் யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடையாது.

அட்டைப்படக்காரர்களின் நிலை கொஞ்சம் மேல். ஹெலன் டிரைடன் 'டெலினியேட்டர்' அட்டைகளை வரைந்தார், பெயரும் பணமும் சம்பாதித்தார். பிறகு கார் வடிவமைப்புக்குப் போனார். 1936-இல் ஸ்டூடபேக்கர் கார் விளம்பரங்களிலேயே அவர் பெயர் வந்தது. அப்படிப்பட்டவர் கடைசிக் காலத்தில் நகராட்சி உதவிப் பணத்தில் ஒரு சாதாரண விடுதி அறையில் வாழ்ந்தார். பெயர் தெரிந்தவர் கதையே இப்படி முடிந்திருக்கிறது.

உறையில் பெயர் போடும் வழக்கமே உங்கள் தொழிலில் இல்லை என்று சொல்லிவிட முடியாது. எத்தனையோ பெயர் போட்டிருக்கிறீர்கள்! 1930களில் ஹாலிவுட் பேட்டர்ன்ஸ் என்ற பேட்டர்ன் வரிசை வந்தபோது உறையில் நடிகைகளின் படமும் பெயரும் இருந்தன. அந்தத் தாளில் ஒரு கோடுகூட அவர்கள் போட்டதில்லை. செய்தித்தாள்கள் வழியாகத் தபாலில் விற்ற பேட்டர்ன்களில் ஆன் ஆடம்ஸ், மேரியன் மார்ட்டின் என்ற பெயர்கள் பல பத்தாண்டுகள் ஓடின. அப்படி யாரும் கிடையாது. வியாபாரத்துக்காகக் கற்பனை செய்த பெண்கள். பிறக்காத பெண்ணுக்குப் பெயர் வைக்க முடிந்த தொழிலுக்கு, காலையில் வேலைக்கு வந்து மாலைவரை குனிந்து வரைந்த பெண்ணின் பெயரை எழுத இடம் கிடைக்கவில்லை.

1949-இல் வோக் கம்பெனி, பாரிஸ் நகர வடிவமைப்பாளர்களின் பேட்டர்ன்களை வெளியிட்டது. பால்மேன், ஃபாத், ஸ்கியாபரெல்லி எல்லாம் உறையில் வந்தார்கள். தைத்து முடித்த உடுப்பின் உள்ளே வைத்துத் தைக்க ஒரு லேபிள்கூடக் கொடுத்தார்கள். எனக்கும் பாரிஸ் மேல் மரியாதை உண்டு. ஆனால் பாரிஸில் கைதேர்ந்த தையற்பெண்கள் கூட்டம் சேர்ந்து தைத்த ஒரு கோட் உடுப்பை, சமையலறை மேஜையில் ஒற்றை மெஷினோடு உட்கார்ந்திருப்பவள் தைக்கும்படி மாற்றியது யார்? தையல் தெரியாதவர்களுக்கு இது சின்ன வேலையாகத் தோன்றும். உடுப்பில் கை பொருத்தும் கைக்குழியை விட, தைக்கும் கைத்துணியின் மேல்வளைவு கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும். அந்தக் கூடுதலைச் சுருக்கம் தெரியாமல் உள்ளே அடக்கினால்தான் கை தோளில் ஒழுங்காக உட்காரும். கூடுதலை எவ்வளவு வைப்பது, எந்த இடத்தில் வைப்பது என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு அளவுக்கும் அதைக் கூட்டிக் குறைக்க வேண்டும், அதுவும் உடம்பின் வளைவுக்காகப் பிடித்துத் தைக்கும் மடிப்பான டார்ட், இருந்த இடத்திலிருந்து நழுவாமல். அப்புறம் அதையெல்லாம் ஒரே தாளில், படமும் இரண்டு வரியுமாக, முன்பின் பார்த்திராத ஒருத்திக்குப் புரியும்படி எழுத வேண்டும்.

பழைய பேட்டர்ன்களில் தாளில் அச்சே இருக்காது. வெறும் மெல்லிய தாள், அதில் சின்னச் சின்னத் துளைகள், ஓரத்தில் வெட்டுக்குறிகள். எந்தத் துளை மடிப்பு, எந்தத் துளை டார்ட் என்று சொல்ல அந்தக் குறிப்புத் தாள் ஒன்றுதான் துணை. 1920களில் மெக்கால் தாளிலேயே கோடுகளை அச்சிட்ட பிறகும் பலர் துளைகளோடுதான் காலம் தள்ளினார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு உடுப்பில் கை வைத்துத் தைக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்த என்னை மூன்று வரியில் கரைசேர்த்த அந்தக் குறிப்பை எழுதியவருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. யாருக்கென்று சொல்வது?

சட்டம் உங்கள் பக்கம் என்பது தெரியும். சம்பளத்துக்குச் செய்த வேலைக்கு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி முதலாளியே ஆசிரியர். நான் காசு கேட்கவில்லை. பெயர் போடக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கேட்பது இதுதான். பழைய பேட்டர்ன்களை 'ரெட்ரோ', 'வின்டேஜ்' என்று மறுபடி அச்சிட்டு விற்கிறீர்கள். உறையில் பழைய ஓவியத்தையே போடுகிறீர்கள். அதற்கு முன் சம்பளப் பதிவேட்டையும் பழைய கடிதங்களையும் ஒருமுறை புரட்டுங்கள். கிடைத்த பெயரை உறையில் போடுங்கள். கிடைக்காவிட்டால் 'வரைந்தவர் பெயர் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்' என்று அச்சிடுங்கள். இது உங்களுக்குப் புதிதும் இல்லை. வின்டேஜ் வோக் வரிசைக்காக அசல் பேட்டர்ன்களைக் கடனாகத் தரும்படி தையல்காரர்களிடமே கேட்டவர்கள்தானே! பேட்டர்ன் வந்த அதே வழியில் பெயரும் வரும்.

ஆவணங்களைப் பார்க்க ஆளில்லை என்றால் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிடுங்கள். ஜாய் ஸ்பனபெல் எமரி அங்கே வளர்த்தெடுத்த பேட்டர்ன் ஆவணக் காப்பகம் ஆயிரக்கணக்கான பேட்டர்ன்களை வருடம் கண்டுபிடித்து வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. உங்கள் கம்பெனிகள் பலமுறை கைமாறியவை. 2001-இல் மெக்கால் பட்டரிக்கையும் வோக் பேட்டர்ன்களையும் வாங்கியது, அதன் பிறகும் மாற்றங்கள் நின்றபாடில்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதோ ஒரு பெட்டி குப்பைக்குப் போகும் என்பது வீடு மாறிய எவருக்கும் தெரியும். ஆட்களுக்கும் வயதாகிறது. 1965-இல் இருபத்திரண்டு வயதில் உங்கள் வரைபலகை முன் உட்கார்ந்தவருக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். அவரிடம் இப்போது கேட்டால் பக்கத்து மேஜைக்காரர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், பட்டரிக் 6015-இல் தொடங்குங்கள். 1952-இல் வந்த அந்த 'வாக்-அவே' உடுப்பு: தலைவழியே மாட்டி, முன்பாகத்தை முதுகில் பொருத்தி, பின்பக்கத்து விரிந்த பாவாடையை முன்னால் சுற்றிப் பொத்தான் போட வேண்டும். காலையில் சாப்பிட்டுவிட்டுத் தைக்க உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு அதை உடுத்திக்கொண்டு நடந்து போகலாம் என்று விற்றீர்கள். எனக்கு இரண்டு நாள் ஆனது, அது வேறு கதை. ரெட்ரோ என்று திரும்ப அச்சிட்டும் விற்றீர்கள். அதை முதலில் யோசித்தவர் யார், உறைக்கு வரைந்தவர் யார்? என் முகவரி ஆங்கிலப் பிரதியில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஷூ பெட்டியோடு காத்திருக்கும் உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி