எடைக் குறைப்பு அறுவை: எண் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை ஒருவருக்குப் பொருந்துமா என்பதை விளம்பரங்கள் தீர்மானிக்கலாகாது. உடல் நிறை குறியீட்டெண் (பிஎம்ஐ: உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு) 40, நீரிழிவு போன்ற இணைநோய் இருப்பின் 35 என்று 1991இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட குறைந்தபட்ச வரம்பு, 2022இல் இணைநோய் இல்லாதோருக்கும் 35 எனத் தளர்த்தப்பட்டது. குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கு ஆளாகும் ஆசியர்களுக்கோ 27.5. எண் பொருந்தினாலும், இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை அகற்றும் ஸ்லீவ் முறையில் அதைத் திரும்பப் பெற வழியில்லை என்பதையும், சத்து மாத்திரைகளும் இரத்தப் பரிசோதனைகளும் வாழ்நாள் முழுவதும் தொடரும் என்பதையும் நோயாளி முன்னரே அறிய வேண்டும். (இலவச ஆலோசனை முகாம்களில் இவையெல்லாம் சொல்லப்படுகின்றனவா?) கடும் நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஸ்லீவைவிட, இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் முறை ஏற்றதாகலாம். கட்டுக்கடங்காத நீரிழிவு உள்ளவருக்கோ அறுவையைத் தள்ளிப்போடுவதும் ஆபத்தே. எனவே உணவியல் வல்லுநரும் மனநல மருத்துவரும் பரிசீலித்த பின்னரே மருத்துவமனைகள் அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை